குனிந்து கொடுத்த வண்டி

சாலையோரம் பெரிய வண்டி எதுவும் நின்றிருந்தால் என் கண் முதலில் போவது சக்கரத்துக்கும் அதன் மேலே வளைந்திருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குத்தான். நாலு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் பேசாமல் போய்விடுவேன். ஒரு பக்கம் குறைவாகத் தெரிந்தால் கால் நின்றுவிடும். பட்டறையை விட்டு இரண்டு வருடம் ஆகியும் இது போகவில்லை. வில்லியனூர் கடைத்தெருவில் என் மனைவி காய்கறிப் பையோடு முன்னால் போய்க்கொண்டே இருப்பாள். நான் யாருடைய வண்டி என்றே தெரியாத ஒன்றின் பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டிருப்பேன்.

எங்கள் மெக்கானிக் சங்கம் ஒரு மலர் போடுகிறது. ஏர் சஸ்பென்ஷன் பற்றி நீங்கள் எழுதுங்கள் என்று கேட்டார்கள். இப்போதெல்லாம் பழைய சொகுசு வண்டிகள் கைமாறிக் கைமாறி நம் கிராமங்கள் வரை வந்துவிட்டன. காற்று இறங்கிப்போனால் காற்றுப் பையைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்பு ஸ்பிரிங் மாட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். நான் அதைக் குற்றம் சொல்லவில்லை. நிறையப் பேருக்கு அதுவே போதும். ஆனால் எனக்கு ஒரு வண்டி வாய்த்தது. அதற்கு அது போதவில்லை. அதைத்தான் எழுத வேண்டும்.

அதற்குமுன் என்னைப் பற்றிக் கொஞ்சம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஆறு வருடம் லாரி பட்டறையில் ஏர் பிரேக் வேலை பார்த்தேன். காற்றுக் குழாய், வால்வு, கசிவு எல்லாம் அங்கே பழகியது. பிறகு புதுச்சேரி டவுனில் வெளிநாட்டு வண்டிகள் மட்டும் வரும் ஒரு சர்வீஸ் நிலையத்தில் சேர்ந்தேன். இருபது வருடம். கடைசிப் பத்து வருடம் வில்லியனூரில் சொந்தமாகத் தகரக்கொட்டகை போட்டுப் பட்டறை வைத்திருந்தேன்.

அந்த சர்வீஸ் நிலையத்தில் எனக்கு ஃபோர்மேனாக இருந்தவர் அந்துவான் சார். ஒல்லியான மனிதர். சட்டையை எப்போதும் பேண்ட்டுக்குள் விட்டிருப்பார்; மேல் பாக்கெட்டில் தையற்காரர் வைத்திருப்பது போன்ற ஒரு துணி டேப். சத்தம் போட்டுப் பேசி யாரும் பார்த்ததில்லை. தப்பு செய்தால் பக்கத்தில் வந்து நின்று, "இன்னொரு தபா பண்ணு, நான் பாக்கறேன்" என்பார். திட்டுவதைவிட அது பயமாக இருக்கும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த வண்டிகளில் ஸ்பிரிங்குக்குப் பதில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ரப்பர் காற்றுப் பை. கம்ப்ரசர் ஒன்று காற்றை ஏற்றும். வால்வுகள் அதைப் பங்கு போடும். வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க ஒரு கம்ப்யூட்டர். ஒரு பட்டனை அழுத்தினால் வண்டி உயரும். இன்னொன்றை அழுத்தினால் ஆள் ஏறுவதற்குத் தோதாகத் தாழும்.

சேர்ந்த புதிதில் ஒரு வண்டி வந்தது. முந்தின நாள் சாயந்திரம் நன்றாக நின்ற வண்டி, காலையில் நாலு பக்கமும் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. நான் உடனே, "நாலும் எறங்கி இருக்குது சார், நாலுக்கும் பொதுவான வால்வுதான் போயிருக்கும்" என்றேன். அந்துவான் சார் வண்டியைத் திரும்ப உயர்த்தி, ஃபியூஸைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். டேப்பை எடுத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து, முன் கண்ணாடியில் சாக்பீஸால் எழுதினார். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மதியம் திரும்ப அளந்தார். பின்பக்கம் இடது சக்கரம் மட்டும் இறங்கியிருந்தது.

"நாலு பேர்ல ஒருத்தன்தான் வுழுந்தான். மத்த மூணு பேரையும் வண்டியே எறக்கி வுட்டுச்சி. கோணலா நிக்கக் கூடாதுன்னு வண்டி செஞ்சவன் அதுக்கு சொல்லிக் குடுத்துருக்கான். ஃபியூஸைப் புடுங்கினா அது தூங்கிடும். அப்புறம் எவன் திருடன்னு தெரியும்" என்றார்.

எல்லா வண்டிக்கும் இதையேதான் செய்வார். ஃபியூஸ், டேப், சாக்பீஸ், ஸ்டூல். கோளாறைச் சொல்லும் ஸ்கேனர் வந்த பிறகும் அதன் திரையைப் பார்த்துவிட்டு, "இது கம்ப்ரசர் களைச்சிப் போச்சின்னு சொல்லுது. ஏன் களைச்சதுன்னு சொல்லலியே" என்பார். இறங்கும் பக்கம் தெரிந்தபின்தான் சோப்புத் தண்ணீர். ஃபேன்களை எல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையைக் குழாய் இணைப்புகளின் ஓரமாக நகர்த்திக்கொண்டே போவார்.

மட்கார்டுக்குள் கை விடுமுன் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்குக் கீழே ஸ்டாண்டு வைத்தே ஆகவேண்டும். ஒருநாள் அவசரத்தில் நான் வைக்கவில்லை. தொப்பி உள்ளே விழுந்தது. எடுக்கக் கையை நீட்டினேன். பின்னாலிருந்து காலரைப் பிடித்து இழுத்தார். நான் உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். வண்டி ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. தொப்பி டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அன்றிலிருந்து ஸ்டாண்டு வைக்காமல் நான் கை விட்டதே இல்லை.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. வண்டி கொண்டுவருபவரிடம் கால்மணி நேரம் பேசுவார். எங்கே நிறுத்துகிறீர்கள், வெயிலா நிழலா, மேடா சமதளமா, யார் ஓட்டுவது, எத்தனை பேர் ஏறுவது. நான் அதை வெறும் அரட்டை என்றே நினைத்தேன். அந்த நினைப்புக்கு வேறு ஒருவர் விலை கொடுத்தார்.

நான் சொந்தப் பட்டறை வைத்த பிறகு, பாகூர் பக்கம் செலியமேட்டிலிருந்து ராமலிங்கம் என்று ஒருவர் வந்தார். கரும்பும் நெல்லும் வைத்திருப்பவர். ட்ராக்டரிலிருந்து விழுந்ததில் முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போய்விட்டது. ஆள் நல்ல கனம். அவர் மனைவி வேதவல்லி ஐம்பது வயதைத் தாண்டியவர். கணவரைத் தூக்கிக் காரில் வைக்க அந்த அம்மாவால் முடியவில்லை. வாரத்தில் இரண்டு நாள் சிகிச்சைக்கு டவுனுக்குப் போகவேண்டும். ஒவ்வொரு முறையும் பக்கத்து வயல்களிலிருந்து இரண்டு ஆட்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. அப்போதுதான் யாரோ சொல்லி, பதினைந்து வயதான ஒரு சொகுசு எஸ்.யூ.வி.யை வாங்கினார்கள். பட்டனை அழுத்தினால் வண்டி தாழும். வீல்சேரை வண்டிக் கதவுப்பக்கம் ஒட்டி நிறுத்தி, ஒரு வழுவழுப்பான பலகையைப் போட்டால், ராமலிங்கம் கையை ஊன்றித் தானே நகர்ந்து சீட்டுக்குப் போய்விடுவார். வேதவல்லியே ஓட்டுவார்.

"யாரும் என்னைத் தொட வாணாம், மேஸ்திரி. வண்டி குனிஞ்சி குடுக்குது, நான் ஏறிக்கறேன்" என்று முதல்நாள் என்னிடம் சொல்லிச் சிரித்தார் ராமலிங்கம்.

வேதவல்லி சொன்ன குறை இதுதான்: "சில நாளு காலைல பாத்தா எறங்கி கெடக்குது அண்ணே. சில நாளு ஒண்ணும் இல்ல, நல்லா நிக்கிது."

நான் வண்டியைப் பட்டறையில் வைத்துக்கொண்டு அந்துவான் சார் வழியிலேயே போனேன். ஃபியூஸ், டேப், சாக்பீஸ். பின் இடது பக்கம் இறங்கியது. உள்ளே குழாயை எலி கடித்திருந்தது. கரும்புத் தோட்டத்து எலி. கம்பி, குழாய் எதையும் விடாது. கடித்த இடத்தை வெட்டிப் புதுக் குழாய் போட்டேன். இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். நூலளவுகூட இறங்கவில்லை. வண்டியைக் கொடுத்துவிட்டேன்.

'சில நாள்' என்று அந்த அம்மா சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. எலி கடித்த குழாய் சில நாள் மட்டும் கசியுமா? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்: எந்தெந்த நாட்களில் வண்டியைத் தாழ்த்திய நிலையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனார்களோ, அந்த நாட்களில்தான் இறங்கியிருக்கிறது. நான் இரண்டு நாளும் வண்டியைச் சாதாரண உயரத்தில் வைத்துத்தான் அளந்தேன். அந்த வண்டி குனிவதற்காகவே வாங்கப்பட்டது. அதைக் குனிய வைத்து நான் ஒருமுறைகூட அளக்கவில்லை.

பத்து நாள் கழித்து, காலை ஒன்பது மணி இருக்கும். போன் வந்தது. வேதவல்லி.

"அண்ணே, வண்டி எறங்கிடுச்சிண்ணே. இவரு காலு உள்ள மாட்டிகிச்சி."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. வண்டியைத் தாழ்த்தி, எஞ்சினை நிறுத்தி, வீல்சேரை ஒட்டி வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரி ஃபைல் வீட்டுக்குள் இருந்தது. தேடி எடுத்துவரக் கால்மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் வண்டி மெல்ல மெல்ல நாலு விரல் இறங்கியிருக்கிறது. ராமலிங்கத்தின் வலது கால் வீல்சேரின் மிதிகட்டையில் இருந்தது. வண்டியின் ஃபுட்போர்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. அவர் தெருவில் போன யாரிடமோ மழை வருமா என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார். வேதவல்லி வந்து வீல்சேரை இழுத்தபோது அது நகரவில்லை. குனிந்து பார்த்தால் ரத்தம்.

"பட்டனை அமுக்கினேன், ஏற மாட்டேங்குது."

"கதவு தொறந்துருக்குதாம்மா?"

"வீல்சேரு நடுவுல இருக்குதுண்ணே, எப்பிடி சாத்தறது?"

கதவு திறந்திருந்தால் அந்த வண்டி உயராது. ஆளுக்கு ஆபத்து வரக்கூடாது என்று அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். நான் வில்லியனூரில் இருந்தேன். எவ்வளவு வேகமாகப் போனாலும் அரைமணி நேரம்.

"ட்ராக்டர் ஜாக்கி இருக்குதா?"

"இருக்கு."

"எடுத்தாங்க. கூடவே ஒரு பலகை. போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வைங்க. ஜாக்கிக்கு அடியில பலகை. முன் சக்கரத்துக்குப் பின்னால, கதவுக்குக் கீழ, கனமான இரும்பு ஓடுது பாருங்க, அங்க வைங்க. ஃபுட்போர்டுல வைக்காதீங்க, ஒடஞ்சிடும். கையைக் கீழ வுடவே வுடாதீங்க."

இரும்பு உரசும் சத்தம் கேட்டது. வேதவல்லியின் மூச்சு கேட்டது. நடுவில் ராமலிங்கத்தின் குரல்: "நிதானமா பண்ணுடி, எனக்கு ஒண்ணும் வலிக்கல." அந்த வார்த்தை என்னைக் கொன்றுவிட்டது. வலித்திருந்தால் அவர் கத்தியிருப்பார். கத்தியிருந்தால் ஒரு விரல் அளவு இறங்கும்போதே தெரிந்திருக்கும்.

"ஏறுதுண்ணே... ஏறுது..."

"இன்னும் நாலு சுத்து. வீல்சேரை இப்ப இழுக்காதீங்க. நல்லா எடவெளி தெரியட்டும்."

வீல்சேர் சக்கரம் மண்ணில் உருளும் சத்தம் கேட்டது. பிறகு போன் துண்டிக்கப்பட்டது.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். இரண்டு விரலில் எலும்பு விரிசல்; மேல் பாதத்தில் ஆழமான வெட்டு. ரத்த ஓட்டம் குறைவான கால், புண் ஆற நாளாகும், சீழ் வைத்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேதவல்லி என் முகத்தைப் பார்க்கவில்லை. ராமலிங்கம்தான் பேசினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல மேஸ்திரி. அதான் பயமா கீது. நெருப்பு வச்சாலும் தெரியாது போல."

நான் சொன்னேன்: "என் தப்புதாங்க. நான் சரியா பாக்கல. ஸ்பிரிங் போட்டுடலாம். இனிமே எறங்கவே எறங்காது."

அப்போதுதான் வேதவல்லி திரும்பினார். "எறங்கலன்னா இவரு எப்பிடி ஏறுவாரு? தெனம் நீங்க வந்து தூக்கி வைப்பீங்களா?"

ஸ்பிரிங் பேச்சை அத்தோடு விட்டேன்.

மறுநாளே செலியமேட்டுக்குப் போனேன். வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவரவில்லை. எங்கே விழுந்ததோ அங்கேயே, எப்படி நின்றபோது விழுந்ததோ அப்படியே வைத்துப் பார்க்கவேண்டும். அவர்கள் வாசலில், தாழ்த்திய நிலையில் நிறுத்தி ஃபியூஸை எடுத்தேன். அளந்தேன். கால்மணிக்கு ஒருமுறை அளந்தேன். முன் வலது பக்கம் கண்ணுக்கு முன்னாலேயே இறங்கியது. ராமலிங்கம் ஏறும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் இறங்கினால் அவர் கால் ஏன் மாட்டும் என்று நீங்கள் கேட்கலாம். அவர் உட்காரும் பக்கம் இடது. நானும் அதையே கேட்டுக்கொண்டேன். ஃபியூஸைத் திரும்பப் போட்டுக் காத்திருந்தேன். வலது இறங்கியதும், வண்டி தன் இடது பக்கத்தைத் தானே இறக்கி மட்டம் செய்துகொண்டது. ஏறுவதற்கு மறுக்கும் கம்ப்யூட்டர் இறங்குவதற்கு மறுக்கவில்லை. அன்று அவர் காலின்மேல் உட்கார்ந்தது கசிந்த பக்கம் அல்ல. அதற்குத் துணையாக இறங்கிய நல்ல பக்கம்.

சேசிஸுக்குக் கீழே ஸ்டாண்டு வைத்தேன், அதற்குப் பக்கத்தில் மரக்கட்டையும் வைத்தேன். அப்படியும் மட்கார்டுக்குள் கையை விட இரண்டு முறை தயங்கினேன். பக்கத்து வயலில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். குழாயைக் காதில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருடம்தான் என் காது மெல்லிய சத்தங்களைத் தவறவிட ஆரம்பித்திருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். காதை நம்பாமல் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டு, காற்றுப் பையைச் சுற்றித் தடவினேன். பையின் முன்பக்கம் ஒன்றுமில்லை. சின்னக் கண்ணாடி ஒன்றைப் பையின் பின்பக்கம் பிடித்துப் பார்த்தேன். ரப்பர் மடிகிற இடத்தில் சின்னச் சின்ன நுரை பூத்துப் பூத்து அடங்கியது.

வண்டி சாதாரண உயரத்தில் நிற்கும்போது அந்த மடிப்பு வேறு இடத்தில் விழும், விரிசல் மூடிக்கொள்ளும். தாழும்போது மடிப்பு சரியாக விரிசல்மேல் வந்து அதைத் திறந்துவிடும். விரல் நீளம், தலைமுடி கனம். அவ்வளவுதான்.

முன்பக்கம் இரண்டு பைகளையும் மாற்றினேன். ஒன்றில் விரிசல் விட்டிருந்தால் அதே வயதுள்ள மற்றதிலும் விடும். பின்பக்கத்தையும் தாழ்த்தி வைத்துச் சோதித்தேன். ஐந்து நாள் அந்த வாசலிலேயே கிடந்தேன். வண்டியைக் குனிய வைத்துவிட்டுக் காலையில் வந்து அளப்பேன். டேப் காட்டும் எண் மாறாமல் இருந்தது. இருந்தும் ஒவ்வொரு காலையும் அந்தத் தெரு முனையில் திரும்பும்போதே என் கண் மட்கார்டு விளிம்பைத் தேடும்.

ஆறாம் நாள் ராமலிங்கத்தை ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்ற அழைத்துப் போகவேண்டும். "வண்டி சரியா இருக்குதும்மா" என்றேன். வேதவல்லி காலி வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டியைத் தாழ்த்தி, கதவைத் திறந்து, எஞ்சினை நிறுத்தி, வீல்சேரை அதே இடத்தில் வைத்தார்.

"ஒக்காருங்கண்ணே."

புரியாமல் நின்றேன்.

"போன தபாவும் சரியா இருக்குதுன்னுதான் சொன்னீங்க. ஒக்காந்து காலை வைங்க. கால்மணி நேரத்துல எறங்குச்சி. நான் முக்கா மணி நேரம் பாக்கணும்."

வாசற்படியில் ஒரு நாற்காலியில் காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த ராமலிங்கம், "இன்னாடி இது, மரியாதை இல்லாம" என்று அதட்டினார். வேதவல்லி திரும்பியும் பார்க்கவில்லை.

வண்டிக்குக் கீழே உடம்பில் எதையும் வைக்கக்கூடாது என்பதுதான் இருபது வருடத்துக்கு மேலாக நான் கடைப்பிடித்த விதி. அந்துவான் சார் பார்த்திருந்தால் காலரைப் பிடித்து இழுத்திருப்பார். ஆனால் என் வேலையை நம்பி அவர்கள் ஏற்கெனவே ஒரு காலை வைத்துவிட்டார்கள். செருப்பைக் கழற்றினேன். வீல்சேரில் உட்கார்ந்து வலது காலை மிதிகட்டையில் வைத்தேன். ஃபுட்போர்டின் விளிம்பு பாதத்துக்கு மேலே நாலு விரல் உயரத்தில் நின்றது.

முதல் பத்து நிமிடம் நான் மூச்சைக்கூட அளந்துதான் விட்டேன். ஃபுட்போர்டில் ஒட்டியிருந்த ஒரு காய்ந்த சேற்றுத் துளியை அடையாளமாக வைத்துக்கொண்டு, அது கீழே வருகிறதா என்று பார்த்தேன். கண் வலித்தது. வருவது போலவும் இருந்தது, வராதது போலவும் இருந்தது. எந்த இணைப்பை முறுக்கினேன், எதைத் திரும்ப முறுக்கிப் பார்த்தேன் என்று மனம் ஒவ்வொன்றாக ஓடியது. வால்வின் மூன்றாவது நட்டு நினைவுக்கு வரவில்லை. முறுக்கினேனா? முறுக்கியிருப்பேன். வியர்வை காதோரம் வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை. வேதவல்லி எதிரே நின்று வண்டியையும் பார்க்கவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் என்ன என்று கேட்டதற்கு ராமலிங்கம், "ஒண்ணும் இல்ல, போங்க" என்றார்.

கடைசியில் வேதவல்லி என் டேப்பை எடுத்தார். நான் செய்வதைப் பார்த்துப் பழகியிருந்தார் போல; சக்கரத்தின் நடுவிலிருந்து விளிம்பு வரை தானே அளந்தார். கண்ணாடியில் நான் எழுதியிருந்ததோடு ஒப்பிட்டார்.

"போதும்ணே. எழுந்துருங்க."

எழுந்திருக்க முயன்றேன். முடியவில்லை. முக்கால் மணி நேரம் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்ததில் வலது கால் தொடையிலிருந்து மரத்துப்போயிருந்தது. கையால் தொட்டேன், யாருடையதையோ தொடுவது போல இருந்தது. இடையில் எப்போது மரத்தது என்று எனக்குத் தெரியவில்லை. அதன்மேல் வண்டி உட்கார்ந்திருந்தாலும் தெரிந்திருக்காது.

குனிந்து இரண்டு கையாலும் காலைப் பிடித்து மிதிகட்டையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தேன். ராமலிங்கம் அதைப் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது, கோபமில்லாத சிரிப்பு.

"இன்னா மேஸ்திரி," என்றார், "காலு இருக்குதா?"